156 நாள் உழைத்தும் விடுப்பு இல்லை

சம்பளத்தோடு விடுப்பு யாருக்கு உண்டு என்று கேட்டால், இந்தியத் தொழிற்சாலைகளில் நெடுங்காலம் ஒரே எண்ணைத்தான் சொன்னார்கள்: 240. ஓர் ஆண்டில் அத்தனை நாள் வேலை பார்த்திருந்தால், மறு ஆண்டில் இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு. இது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த கணக்கு. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் 240 நாள்தான் எல்லை. ஆகவே அந்த எண் நெருங்கும்போது ஒப்பந்தத் தொழிலாளியை நிறுத்திவிட்டு, சில நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. உழைத்த நாள்கள் உழைத்தவர் கண்ணெதிரிலேயே அழிக்கப்பட்டன.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அந்த எல்லையை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. மனதார வரவேற்க வேண்டிய மாற்றம். வாரம் நான்கு நாள் வேலைக்கு வருபவருக்கு ஆண்டில் 208 நாள் சேரும். முன்பு ஒன்றும் பெறாத அவருக்கு இனிப் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். ஆனால் வாரம் மூன்று நாள் வருபவருக்கு 156 நாள்தான் சேரும். எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவர் 180-ஐத் தொடப்போவதில்லை.

பிரிட்டனிலும் இப்படி ஒரு தடை இருந்தது. 1998-இல் வந்த வேலைநேர விதிகள், தொடர்ந்து 13 வாரம் பணியாற்றினால்தான் விடுப்பு என்றன. திரைப்படம், தொலைக்காட்சித் துறைகளில் பலருக்குக் குறுகிய கால ஒப்பந்தம்தான்; ஒரே முதலாளியிடம் 13 வாரம் நிலைப்பது அரிது. அவர்களுடைய சங்கமான பெக்டு வழக்குத் தொடுத்தது. 2001-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. இன்று அங்கே முழு நேரமோ பகுதி நேரமோ, ஆண்டுக்கு 5.6 வாரம் விடுப்பு. ஐந்து நாள் வேலைக்காரருக்கு 28 நாள், மூன்று நாள் வேலைக்காரருக்கு 16.8 நாள். பொது விடுமுறைகளையும் இதற்குள்ளேயே கணக்கிட முதலாளிக்கு உரிமை உண்டுதான். ஆனாலும் முதல் நாளிலிருந்தே விடுப்பு சேரத் தொடங்கிவிடுகிறது.

நமக்கு அவ்வளவு பெரிய சட்டம்கூட வேண்டாம். இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் ஏற்கெனவே நம் சட்டத்தில் இருக்கிறது. எல்லைக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டால், 156 நாள் உழைத்தவருக்கு ஏறக்குறைய எட்டு நாள் கிடைத்துவிடும். காலையில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்குகிற பெண்ணுக்கு இதுவும் எட்டாது. வீடுகளை இந்தத் தொகுப்புச் சட்டம் பணியிடமாகவே எண்ணுவதில்லை. அவருக்குச் சம்பளத்தோடு வார விடுமுறையும் ஆண்டு விடுப்பும் கொடுக்க வேலை தருகிற குடும்பங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.