நடப்போரும் மிதிப்போரும்: ஒரு யேர்மன் நகரின் நாளாந்த வாழ்வு

மேலைநாட்டு நகரங்களைப் பற்றிப் பேசுங்கால் அங்குள்ள மோட்டார் வண்டிகளையும் அகன்ற வீதிகளையும் வியந்துரைப்பது நம்மவர் வழக்கம். யேர்மனி என்றால் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார்க் காருக்குப் பெயர்பெற்ற நாடு அது. ஆயினும், துவிச்சக்கர வண்டிக்கு மூதாதையான ஊர்தியை 1817இல் மான்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டிய கார்ல் டிரைஸ் என்பவரும் அந்நாட்டவரே. அதற்கு மிதி இல்லை. காலால் நிலத்தை உந்தியே அவர் செலுத்தினார்.

நம்மவர் ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவுக்குத் திரளும் காமாட்சி அம்பாள் ஆலயம் ஹம் நகரில் உள்ளது. அதற்கு வடக்கே அமைந்தது முன்ஸ்ரர் என்னும் பல்கலைக்கழக நகர். அதன் குடித்தொகை 3 இலட்சத்துக்குச் சிறிது மேல். சைக்கிள்களோ ஏறத்தாழ 5 இலட்சம் என்பர். காலையில் பேராசிரியரும் மாணவரும், மருத்துவரும் தாதியரும், குழந்தையைப் பின்னிருக்கையில் இருத்திய தாய்மாரும் ஒரே பாதையில் மிதித்துச் செல்வர். சைக்கிளில் வந்தார் என்பதால் எவரும் எவரையும் தாழ்வாக எண்ணுவதில்லை.

இஃது எவ்வாறு கைகூடிற்று? முதலாவது காரணம் இடம். பழைய கோட்டை அரண்களை 18ஆம் நூற்றாண்டில் அகற்றியபின், அவை நின்ற வட்டத்திலே மரநிழற் சாலை அமைத்தனர். நகரைச் சுற்றி ஏறத்தாழ 4½ கிலோமீற்றர் நீளும் அச்சாலை இன்று நடப்போர்க்கும் மிதிப்போர்க்குமே உரியது. பிற வீதிகளில் செங்கல் நிறத்தில் தனிப் பாதை உண்டு. அறியாது அதில் நடக்கும் புதியவரை மணியோசை உடனே திருத்திவிடும். புகைவண்டி நிலையத்தருகே 1999இல் திறந்த நிலக்கீழ்த் தரிப்பிடம் 3,300 வண்டிகளைக் கொள்ளும்.

இரண்டாவது காரணம் சட்டம். நகருக்குள் சைக்கிளை முந்தும் மோட்டார் வண்டி 1½ மீற்றர் விலகிச் செல்லல் வேண்டும். மிதிப்போர்க்கும் கட்டுப்பாடு உண்டு. விளக்கும் மணியும் இரு தடைகளும் இன்றியமையாதன. சிவப்பு விளக்கை மீறினால் தண்டம் தப்பாது. மூன்றாவது காரணம் கல்வி. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பொலிசாரின் துணையுடன் சைக்கிளோட்டப் பயின்று தேர்வு எழுதுவர். வெறிச்சோடிய வீதியிலும் பச்சை விளக்குக்காக முதியோர் காத்து நிற்பதற்குச் சொல்லும் நியாயம், பிள்ளைகள் பார்த்துக் கற்பார்கள் என்பதே.

குறைகள் இல்லாமல் இல்லை. சைக்கிள் களவு அந்நகரில் மிகுதி. கண்டபடி நிறுத்திய வண்டிகள் நடைபாதையை அடைத்து, முதியோர்க்கும் பார்வையிழந்தோர்க்கும் இடர் விளைப்பதுமுண்டு.

இவையெல்லாம் நமக்கு அந்நியமானவை அல்ல. மடத்துவெளியிலிருந்து தாம்போதி வழியே வாடைக் காற்றை எதிர்த்து வேலணைக்கு மிதித்தவர்க்குச் சைக்கிளின் அருமையை எடுத்துரைத்தல் வேண்டுமோ? 1990களில் எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் நோயாளியையும் விறகையும் நெல்மூடையையும் குடாநாட்டில் சுமந்தது அதுவே. 2022இல் எரிபொருள் அருகியபோதும் தீவு முழுவதும் அதனையே நாடிற்று. நெருக்கடியில் தெய்வமாகப் போற்றி, அது நீங்கியதும் வறியவனின் வண்டியென ஒதுக்குவது நம்மிடையே உள்ள குறை.

முன்ஸ்ரர் மக்கள் நம்மினும் நல்லவர் என்பதாலோ செல்வர் என்பதாலோ மிதிக்கவில்லை. அச்சமின்றி மிதிக்க அவர்க்கு வழி இருக்கிறது. கல்லூரிக்கு மண்டபமும் மதிலும் எழுப்ப மனமுவந்து பொருள் ஈயும் பழைய மாணவர், மாணவன் கல்லூரி வாயிலை அடையும் வழியையும் எண்ணுவாராக. வீதியோரத்தில் ஒரு முழ அகலப் பாதையும், நிழல் தரும் சில மரங்களும், வண்டி நிறுத்த ஒரு கொட்டிலும் பெருஞ்செலவின அல்ல. அவை அமையின், நாளை நம் ஊர்ப் பிள்ளை மோட்டார்ச் சைக்கிளுக்கு ஏங்காது தலைநிமிர்ந்து மிதித்து வருவான்.