ஆடும் கதவுக் குமிழ்: இறுக்குவதற்கு முன் ‘ஏன்’ என்று கேளுங்கள்



விளக்கக் கட்டுரை என்றதும் நம் மாணவர்களில் பலர் “முதலில் இதைச் செய்ய வேண்டும், பிறகு அதைச் செய்ய வேண்டும்” என்று கட்டளைகளை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். வரிசை சரியாக இருந்தாலும் ‘ஏன்’ என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் செய்தால் வேலையே கெட்டுப்போகும் ஒரு பொருளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். வீட்டின் உள்ளறைக் கதவில் ஆடும் குமிழைச் சரிசெய்வதுதான் அது. ஆசிரியர்கள் இதை வாசிப்புப் பகுதியாகப் பயன்படுத்தலாம். மாணவர்கள் வீட்டில் பெரியவர்களோடு சேர்ந்து செய்தே பார்க்கலாம்.

இது ஏன் முக்கியம்?

குமிழ் லேசாக ஆடும்போது யாரும் கவலைப்படுவதில்லை. “அது அப்படித்தான், கொஞ்சம் இழுத்துத் திருப்பு” என்று சொல்லிப் பழகிவிடுகிறோம். ஆனால் ஆட்டம் கூடக்கூட, குமிழைத் திருப்பினாலும் உள்ளே இருக்கும் தாழ்நாக்கு முழுதாகப் பின்வாங்காது. ஒரு நாள் குமிழ் கையோடு வந்துவிடும். அந்த நேரத்தில் அறைக்குள் இருப்பவர் மூன்று வயதுக் குழந்தையாகவோ, தனியாக எழுந்து நடக்க முடியாத பாட்டியாகவோ இருந்தால் என்ன ஆகும்? கால் மணி நேர வேலையைத் தள்ளிப் போட்டதன் விலை அப்போதுதான் தெரியும்.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் படுக்கையறைக் கதவின் நடுப்பகுதியை விரலால் தட்டிப் பாருங்க. ‘டொக் டொக்’ என்று காலி டப்பாவைத் தட்டுவது போலக் கேட்டால் அது உள்ளீடற்ற கதவு. வீவக வீடுகளிலும் தனியார் அடுக்குமாடிகளிலும் உள்ளறைகளுக்கு இந்த வகைக் கதவு பரவலாக இருக்கிறது. எடை குறைவு, விலையும் குறைவு.

இந்தக் கதவின் நான்கு ஓரங்களிலும் மரச்சட்டம் இருக்கும். அதன் இரு பக்கமும் ஏறத்தாழ 3 மி.மீ. கனமுள்ள மெல்லிய பலகைகள் ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் பெரும்பாலும் தேன்கூடு போன்ற அட்டைதான். கதவின் மொத்தக் கனம் சுமார் 35 மி.மீ. என்றால், அதில் பெரும்பகுதி காற்று! குமிழ் பொருத்தும் இடத்தில் மட்டும் உள்ளே ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள். அதைப் பூட்டுக்கட்டை என்று சொல்லலாம். அந்தக் கட்டை சிறியதாக இருந்தாலோ, கதவைத் திருப்பி மாட்டியதால் மறுபக்கத்துக்குப் போய்விட்டாலோ, குமிழுக்கு அந்த மெல்லிய பலகையைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

குமிழ் ஏன் ஆடுகிறது?

கதவின் இரு பக்கமும் ஒரு குமிழ், குமிழின் அடியில் ஒரு வட்டத் தகடு. இரண்டு நீளமான ஸ்க்ரூக்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய், இரண்டு தகடுகளையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கின்றன. அதாவது, குமிழ் கதவில் ‘அடிக்கப்பட்டு’ நிற்கவில்லை. கதவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. குமிழுக்காகக் கதவில் போடும் துளை வழக்கமாக 54 மி.மீ. அகலம். வட்டத் தகடு ஏறத்தாழ 65 மி.மீ. அப்படியானால் துளையைச் சுற்றித் தகடு பலகைமேல் அமர்வது 5 மி.மீ. சொச்சம் அகலமுள்ள ஒரு வளையத்தில் மட்டுமே. பின்னால் பூட்டுக்கட்டை இருந்தால் அந்த வளையமே போதும். கட்டை இல்லையென்றால் தகடு பலகையை மெல்ல மெல்ல உள்ளே அமுக்குகிறது. பலகை அமுங்கினால் கவ்வல் தளர்கிறது. கவ்வல் தளர்ந்தால் குமிழ் ஆடுகிறது.

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு மாணவர் கேட்டார்: “சார், அப்போ ஸ்க்ரூவ இன்னும் நல்லா இறுக்கிட்டா போதும்ல?” நல்ல கேள்வி. ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருந்தால் போதும். பலகை அமுங்கியிருந்தால், இறுக்க இறுக்க அது இன்னும் உள்ளே போகும். ரெண்டு வாரத்துல மறுபடியும் ஆடும். ஒரு கட்டத்தில் பலகை விரிசல் விட்டுவிடும். குமிழுக்கு அப்போது வேண்டியது இறுக்கம் அல்ல, சாய்ந்து நிற்க ஓர் ஆதாரம்.

தொடங்குவதற்கு முன்

கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி அடியில் ஆப்போ தடித்த அட்டையோ செருகுங்கள். குமிழைக் கழற்றிய பிறகு கதவு சாத்திக்கொண்டால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். மின்திருப்புளி வேண்டாம், கைத்திருப்புளியே போதும். எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கைதான் உணரும். கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று: இந்தக் கட்டுரை உள்ளறைக் கதவுகளுக்கு மட்டுமே. வீட்டுப் புகலிடத்தின் எஃகுக் கதவிலும், தீத்தடுப்பு வகை வாசல் கதவிலும் கை வைக்கக் கூடாது.

முதல் நிலை: ஸ்க்ரூவைச் சோதித்தல்

வட்டத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ தலைகள் தெரிந்தால் வேலை எளிது. தெரியவில்லை என்றால், அறையின் உட்பக்கக் குமிழின் கழுத்தைப் பாருங்கள். சிறு துளையோ கீறலோ இருக்கும். அதில் மெல்லிய ஆணியை வைத்து அழுத்தியபடி குமிழை இழுத்தால் அது கழன்று வரும். பிறகு தகட்டின் ஓரத்தில் உள்ள சிறு பள்ளத்தில் தட்டைத் திருப்புளியைக் கொடுத்து நெம்புங்கள். ஒளிந்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள் அடியில் தெரியும்.

ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் தகடு சாய்ந்து, உள்ளே இருக்கும் தண்டு உராயும். குமிழ் ஆடாமல், அதே நேரம் தடையில்லாமல் திரும்பினால் அங்கேயே நிறுத்துங்கள். குமிழைத் திருப்பி விடும்போது தாழ்நாக்கு தானாகவே வெளியே வர வேண்டும். வரவில்லையா? அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். கொஞ்சம் தளர்த்துங்கள்.

இரண்டாம் நிலை: ஆதாரம் கொடுத்தல்

இறுக்கியும் சில நாளில் மறுபடி ஆடினால், இரு பக்கக் குமிழ்களையும் தாழ்நாக்கையும் முழுதாகக் கழற்றுங்கள். துளைக்குள் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். மரம் தெரிய வேண்டிய இடத்தில் அட்டையும் இருட்டும் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டு பலகைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 35 மி.மீ. கதவில் அது ஏறத்தாழ 29 மி.மீ. இருக்கும். அதே கனத்தில், முகம் 40 மி.மீ. நீளமும் 25 மி.மீ. அகலமும் கொண்ட மூன்று மரத்துண்டுகளை வெட்டுங்கள். இந்த அளவு 54 மி.மீ. துளை வழியே நுழையும். அமுங்கிய பலகையை உள்ளிருந்து விரலால் வெளியே தள்ளிச் சமப்படுத்துங்கள். துண்டுகளின் இரு முகங்களிலும் மரப்பசை தடவி உள்ளே விட்டு, தேன்கூட்டு அட்டையை ஒதுக்கிக்கொண்டு, துளையின் மேலே ஒன்று, கீழே ஒன்று, கதவின் நடுப்பக்கமாக ஒன்று என நகர்த்தி வையுங்கள். துளையின் விளிம்போடு துண்டு ஒட்டி நிற்க வேண்டும். துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கதவின் விளிம்புப் பக்கம் தாழ்நாக்கு போகும் வழி. அங்கே எதுவும் வைக்க வேண்டாம்.

ஒரு நாள் முழுதும் காயட்டும். பசை காயும் முன் பூட்டினால் துண்டுகள் நழுவிவிடும். அதன் பிறகு குமிழைப் பொருத்தி, முன்பு போலவே மாற்றி மாற்றி இறுக்குங்கள். இப்போது தகடு சாய்வது 3 மி.மீ. பலகையின் மேல் மட்டுமல்ல, முழு மரத்தின் மேல்.

மூன்றாம் நிலை: விளிம்புத் தகடு

சில வீடுகளில் குமிழ் சரியாக இருக்கும். கதவின் விளிம்பில், தாழ்நாக்கைப் பிடித்திருக்கும் சிறு தகடு ஆடும். அதன் ஸ்க்ரூ துளைகள் தேய்ந்து அகன்றிருக்கும். சாத்தே குச்சியைச் சிறு துண்டுகளாக உடைத்து, பசையில் தோய்த்துத் துளை நிறையச் செருகுங்கள். காய்ந்ததும் வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு, அதே ஸ்க்ரூவைப் பூட்டுங்கள். புதிய மரத்தைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூ கெட்டியாக நிற்கும்.

பலகையே உடைந்து துளை சிதைந்திருந்தால், உள்ளே ஆதாரம் வைத்த பிறகு, உடைந்த பகுதியை மறைக்கும் அகலமான தகட்டை ஹார்ட்வேர் கடையில் வாங்கிப் போடலாம். தாழ்நாக்கின் சுருள்வில் செத்துப்போயிருந்தால் பூட்டையே மாற்றிவிடுங்கள். வாங்கும் முன், கதவின் விளிம்பிலிருந்து துளையின் மையம் வரை அளந்து செல்லுங்கள். அது பெரும்பாலும் 60 அல்லது 70 மி.மீ.

யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால்

உட்பக்கம் பொத்தானை அழுத்திப் பூட்டும் குமிழாக இருந்தால், வெளிக்குமிழின் நடுவே ஒரு வெட்டோ சிறு துளையோ இருக்கும். வெட்டு என்றால் நாணயத்தால் திருப்பலாம். துளை என்றால் நிமிர்த்திய காகித ஊக்கை நேராக உள்ளே தள்ளலாம். வீட்டில் எல்லாருக்கும் இதை இன்றே காட்டி வையுங்கள். குமிழ் கழன்று விழுந்திருந்தால், தெரியும் தண்டைத் தட்டைத் திருப்புளியால் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பவருக்கு உடல்நலம் சரியில்லை என்றால் கதவோடு போராடிக்கொண்டு இருக்காதீர்கள், 995க்கு அழையுங்கள்.

தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு

தேர்வில் கதவுக் குமிழைப் பற்றிக் கேட்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அ. ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

ஆ. ஒரு பக்கம் மட்டும் இறுகினால் தகடு சாய்ந்துவிடும். ஆகவே ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

முதல் வாக்கியத்தைப் படித்தவர் அவசரத்தில் அதை மீறுவார். இரண்டாவதைப் படித்தவர் மீற மாட்டார், காரணம் தெரிந்துவிட்டதல்லவா? ஆகவே, இல்லையென்றால், -ஆல், -அதால் ஆகிய இணைப்புகளை இந்தக் கட்டுரையில் தேடி அடிக்கோடிடுங்கள். எங்கே காரணம் சொல்லாமல் வெறும் கட்டளை மட்டும் வந்திருக்கிறது என்றும் பாருங்கள். கண்டுபிடித்தால் அந்தக் காரணத்தை நீங்களே எழுதிச் சேருங்கள்.

சொற்களையும் கவனியுங்கள். குமிழ், தாழ்நாக்கு, தண்டு, விளிம்பு, சட்டம், ஆப்பு, நெம்பு, கவ்வு, அமுங்கு, உராய். பொருளைத் தொட்டுப் பார்த்துக் கற்ற சொல் எளிதில் மறக்காது. ‘ஸ்க்ரூ’ என்று வீட்டில் சொல்வதைக் கட்டுரையில் ‘திருகாணி’ என்று எழுதலாம். எதை எடுத்தாலும் கட்டுரை முழுதும் அதையே பயன்படுத்துங்கள்.

பயிற்சி: சொட்டும் தண்ணீர்க் குழாய், நழுவும் சைக்கிள் சங்கிலி, மூட மறுக்கும் இழுப்பறை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் பத்தியில் அது ஏன் அப்படி ஆகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். ஒரு கட்டளைகூட அதில் வரக் கூடாது. அதை நண்பரிடம் கொடுத்து, “இதைப் படிச்சிட்டு, சரிசெய்ய என்ன செய்யணும்னு நீயே சொல்லு” என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் விளக்கம் தெளிவாக இருக்கிறது. அடுத்த பத்திக்குப் போகலாம்.