பூட்டிய வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் மூடிவிட்டால் நம்மவர் வீடுகளில் பாதிக்குப் பூட்டுத் தொங்கும். சேலம், வேலூர், திருச்சி என்று ஊருக்குப் போய், ஒரு மாதம் இருந்துவிட்டு பெங்களூர் திரும்புவோம்.

சென்ற ஆண்டு நாங்கள் வந்து சேர்ந்தபோது இரவு பதினொரு மணி. கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம். எலி ஏதோ செத்துக் கிடக்கிறதென்று என் மனைவி கட்டிலடியிலெல்லாம் டார்ச் அடித்துத் தேடினாள். நாற்றம் வந்தது குளியலறையிலிருந்து. காலையில் வந்த பிளம்பர் எதையும் கழற்றவில்லை. தரையிலுள்ள ஜல்லடையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்தார். சற்று நேரத்தில் நாற்றம் போயிற்று. கூலி வாங்கவே கூச்சப்பட்டார், பாவம்!

அவர் சொன்ன விஷயம் இதுதான். ஜல்லடைக்குக் கீழே 'நானி டிராப்' என்ற கிண்ணம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய இரண்டு அங்குலம், அதாவது 50 மி.மீ. தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வாஷ்பேசினுக்கு அடியில் குழாய் வளைந்திருப்பதும் இதற்காகவே. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் கழிப்பறைக்கு இந்த வளைவை வைத்துக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை அதைவிட எளிய வழி வரவில்லை. ஆனால் நம் ஊர்க் கோடைக் காற்றில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் குளியலறைக்கும் இதே கதிதான்.

எனவே புறப்படுமுன் ஒவ்வொரு ஜல்லடையிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். 2024 கோடையில் குடத்துக்குக் குடம் கணக்குப் பார்த்தோமே, அப்படிப்பட்ட சமயத்தில் அரிசி களைந்த தண்ணீரை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். மாவு தங்கினால் அதுவே புளித்து நாறும். துணி அலசிய கடைசித் தண்ணீர் போதும்.

கேரளச் சுற்றுலாத் துறை 2021-இல் தொடங்கிய கேரவன் சுற்றுலாவைப் பார்த்து, வண்டியிலேயே தங்கிவர ஆசைப்படுவோரும் உண்டு. அங்கேயும் இதே பாடம். வண்டி குலுங்கினால் வளைவிலுள்ள தண்ணீர் சிந்திவிடும், நிறுத்தியதும் ஊற்றுங்கள். கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்தே விடாதீர்கள். நீர் மட்டும் ஓடி, மற்றது தொட்டியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முக்கால் தொட்டி நிறைந்தபின் திறந்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

தண்ணீர் ஊற்றியும் நாற்றம் நிற்கவில்லையா? மாடிவீட்டில் ஃபிளஷ் செய்யும்போது உங்கள் ஜல்லடையில் 'களக் களக்' என்று சத்தம் கேட்கிறதா? மொட்டை மாடிக்குப் போகும் காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம். கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

செப்டிக் டேங்க் உள்ள லேஅவுட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால், மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கும்போதுதான் ஆபத்து அதிகம். தொட்டிக்குள் நீங்களும் எட்டிப் பார்க்காதீர்கள். ஐந்நூறு ரூபாய்க்கு ஆள் இறங்குவான் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கவசமின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள். அது வருவதற்கு இரண்டு நாள் ஆனாலும் சரி.