நகரும் நிலத்தை அளக்கும் நுண்ணலைகள்

பத்து பெரண்டாமில் மனை வாங்கிய ஒருவர், நான்கு மூலைகளிலும் எல்லைக்கற்கள் நட்ட இடத்திலேயே இருப்பதைக் கண்டு மனநிறைவு கொள்வது இயல்பே. ஆயினும் அக்கற்களும், அருகிலுள்ள விமான நிலையமும், மலாக்கா மாநிலம் முழுவதுமே, ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் கிழக்கே நகரும் இயல்புடைய சுந்தாப் பாறைத்தட்டின்மேல் அமர்ந்திருக்கின்றன என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டியவை, விண்ணிலிருந்து வந்திறங்கும் நுண்ணலைகளே.

முற்காலத்தில் மலாயாவின் நில அளவைக்கு ஆதாரமாய் நின்றவை பகாங்கின் கெர்த்தாவ் குன்றும், நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரால் வழங்கிய பூமியின் வடிவக் கணக்குமாகும். அக்கணக்குக்கு வழிவகுத்த பெரும் அளவைப் பணி, 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே சங்கிலி பிடித்து அளந்த ஆதாரக்கோட்டில் தொடங்கியது. தமிழ் மண்ணில் பிறந்த அளவை, தமிழர் பால்மரம் வெட்டிய தோட்டங்களின் வரைபடங்களுக்கும் அடிப்படையாயிற்று என்பதை நம்மவர் பலரும் அறிந்திருத்தல் வேண்டும். ஆனால் அவ்வளவையில் நிலம் அசையாத பொருளாகவே கொள்ளப்பட்டது.

இன்று சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலை, ஒரு சாணுக்கும் குறைந்த 19 சென்டிமீட்டர் நீளமுடையது. அந்த ஓர் அலையின் எந்தப் பகுதி வந்து சேர்ந்தது என்பதைக் கருவி நுட்பமாகக் கண்டறிவதால், மில்லிமீட்டர் அளவிலான அசைவும் கணக்கில் தென்படுகிறது. வழியில் இரு தடைகள் உண்டு. காற்றுமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற மேற்பகுதி, நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டில் விசேஷமாகக் கொந்தளித்து, அலையின் வருகையைக் குலைக்கிறது; எனினும் குலைவின் அளவு அலைவரிசைக்கு அலைவரிசை வேறுபடுவதால், இரண்டு வரிசைகளை ஒருங்கே பெற்று ஒப்பிட்டு அப்பிழையைக் களைகின்றனர். காற்றிலுள்ள நீராவி உண்டாக்கும் தாமதமோ இம்முறைக்கு வசப்படாது. பல செயற்கைக்கோள்களின் அலைகளைத் தொடர்ந்து கேட்டு அதைத் தனியே மதிப்பிடுதல் வேண்டும். புழுக்கமும் மழையும் ஓயாத நம் தீபகற்பத்தில் இதுவே கடினமான பகுதி என்பது என் அபிப்பிராயம்.

2003-இல், ஜூபெம் எனப்படும் நில அளவை வரைபடத் துறை, ஜி.டி.எம். 2000 என்னும் புதிய ஆதார அமைப்பை நாட்டுக்கு வழங்கியது. மறு ஆண்டே, டிசம்பர் 26-ஆம் நாள், சுமத்திராவின் கடலடியில் பாறை பிளந்து நிலம் அதிர்ந்தபோது, லங்காவித் தீவு சுமார் 17 சென்டிமீட்டர் மேற்குப்புறமாக இழுபட்டது. தெற்கே செல்லச் செல்ல இழுப்பு குறைந்தது. 2005-இல் நியாஸிலும் 2007-இல் பெங்கூலுவிலும் நேர்ந்த பேரதிர்ச்சிகளும், அவற்றைத் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் நீடித்த மெல்லிய இழுவையும், பதிந்துவைத்த ஆயத்தொலைவுகளை மெய்ந்நிலையினின்று விலக்கிவிட்டமையால், 2009-இல் அவ்வமைப்பைத் திருத்த நேர்ந்தது.

அடுத்தடுத்த இரு எல்லைக்கற்கள் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்வதால், இதனால் எவர் மனையும் குறையவில்லை. எனினும் வடக்கும் தெற்கும் வெவ்வேறளவு இழுபட்டமையால், நாடு தழுவிய வரைபடத்தில் பழைய எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போயின. லங்காவி எவ்வளவு நகர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததும், அதிர்ச்சிக்குச் சில ஆண்டுகள் முன்னரே நிறுவப்பட்ட ஜி.பி.எஸ். நிலையங்கள் இரவும் பகலும் இடைவிடாது பதிவு செய்துவந்தமையாலேயே.