1,000 டாலர் கட்டணம், திடீரென 2.5 லட்சம் டாலர்! - அமெரிக்கச் சிற்றூர் விளையாட்டு ரேடியோக்களின் கதை

அமெரிக்கச் சிற்றூர்களில் செப்டம்பர் மாத வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஃபுட்பால்தான். நாம் சொல்லும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, மேலே விழுந்து புரளும் அவர்கள் ஊர் ஆட்டம். ஆடுவது உள்ளூர் ஹைஸ்கூல் பையன்கள். டெக்சாஸ், அயோவா மாதிரி மாநிலங்களில் சின்ன ஊர் என்றால், அன்றைக்குப் பாதி ஊர் மைதானத்தில்தான் இருக்கும்.

மீதிப் பாதி? நடக்க முடியாத பாட்டி, நைட் ஷிஃப்டில் இருக்கும் அப்பா, அறுவடை முடியாமல் வயலில் நிற்கும் பெரியப்பா... இவர்களுக்கெல்லாம் உள்ளூர் ரேடியோதான் மைதானம். பேரன் பந்தோடு ஓடினால் அவன் பெயர் காற்றில் வரும். நடுநடுவே ஊர் வங்கி, டயர் கடை, இறுதிச்சடங்கு நடத்திக் கொடுக்கும் நிறுவனம் ஆகியவற்றின் விளம்பரங்கள். (ஆமாம், கடைசியாகச் சொன்னது ஜோக் இல்லை. அங்கே ஹைஸ்கூல் ஆட்டங்களுக்கு வழக்கமான ஸ்பான்சர்களில் அவர்களும் உண்டு.)

ஆனால், அந்த ஆட்டம் வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மீதி 165 மணி நேரத்துக்கு மைக்கில் யார் பேசுவது? ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் ஒரு நிலையத்தின் தலைவலியே அதுதான். அந்த இடத்தில்தான் 'நெட்வொர்க்' உள்ளே வருகிறது.

பேச்சு உங்களுக்கு... நேரம் எங்களுக்கு!

நியூயார்க்கில் 1987 ஜூலை 1-ம் தேதி டபிள்யூ.எஃப்.ஏ.என் என்ற நிலையம் 24 மணி நேரமும் விளையாட்டு பற்றி மட்டும் பேச ஆரம்பித்தது. 'நாள் முழுக்க ஸ்போர்ட்ஸ் பேச்சா, யார் கேட்பார்கள்?' என்று சிரித்தவர்கள் பலர். நேயர்கள் போன் போட்டுத் திட்டவும் புலம்பவும் ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கியது. 1992 ஜனவரி 1-ம் தேதி இ.எஸ்.பி.என் ரேடியோ வந்தது. ஒரே ஸ்டூடியோவில் பேசுவதை செயற்கைக்கோள் வழியாக நாடு முழுக்கப் பல நிலையங்களுக்கு அனுப்பலாம் என்றானது.

சிற்றூர் ஏ.எம் நிலையங்களுக்கு இது பெரிய வரம். பாட்டு ரசிகர்கள் ஏற்கெனவே துல்லியமான எஃப்.எம் பக்கம் போய்விட்டிருந்தார்கள். ஏ.எம்-மின் கரகர ஒலிக்குப் பாட்டு சரிவராது, பேச்சு சரிவரும்.

இதில் பணம் எப்படிப் புரளுகிறது என்பதுதான் சுவாரஸ்யம். பழைய வழக்கம் பண்டமாற்று. நெட்வொர்க் நிகழ்ச்சியை இலவசமாகத் தரும். பதிலுக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிட விளம்பர நேரத்தைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். அந்த நிமிடங்களை நாடு முழுக்க ஒட்டுமொத்தமாகப் பெரிய கம்பெனிகளுக்கு விற்கும். மிச்ச நிமிடங்களை உள்ளூர் நிலையம் டயர் கடைக்கு விற்றுக்கொள்ளலாம்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 நிமிடம் விளம்பரம். நெட்வொர்க்குக்கு 6, நிலையத்துக்கு 6. அதாவது நிலையத்தின் கையில் 30 விநாடி விளம்பரங்கள் 12 இருக்கின்றன. ஒன்று 8 டாலர் என்றால், எல்லாம் விற்றால் மணிக்கு 96 டாலர். ஆனால், சின்ன ஊரில் இருப்பதே நாலைந்து பெரிய கடைகள். 12-ல் 3 விற்றாலே பெரிய விஷயம். அப்போது வருமானம் 24 டாலர்.

இப்போது நெட்வொர்க், 'எங்களுக்கு இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும்' என்று கேட்டால்? நிலையத்துக்கு உண்மையில் பெரிய நஷ்டம் இல்லை. விற்காத நேரம்தானே போகிறது. ஆனால், 'நிமிடம் வேண்டாம், மாதம் 500 டாலர் பணமாகக் கொடுங்கள்' என்று கேட்டால் கதையே வேறு. அந்த 500 டாலருக்கு 63 விளம்பரம் கூடுதலாக விற்க வேண்டும். வாங்க ஊரில் கடை இல்லை. அப்படியானால், அந்தப் பணம் பகுதிநேர அறிவிப்பாளர் ஒருவரின் சம்பளத்திலிருந்துதான் வரும். வெளியே இருந்து பார்த்தால் சிறிய தொகை. உள்ளே ஒரு ஆள் குறைகிறார்.

எல்லா நெட்வொர்க்கும் பணம் கேட்பதில்லை. பண்டமாற்று இன்றைக்கும் இருக்கிறது. பெயர்பெற்ற பேச்சாளர், நேரடிப் போட்டி என்று சரக்கின் மதிப்பு கூடக் கூடத்தான் நிமிடத்தோடு பணமும் சேர்த்துக் கேட்கிறார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. போட்டிகளை ஒலிபரப்பும் உரிமைக்கு அவர்களே லீக்குகளிடம் பணம் கட்டுகிறார்கள். பெரிய கம்பெனிகளின் விளம்பரமோ ரேடியோவிலிருந்து போனுக்கும் பாட்காஸ்ட்டுக்கும் நழுவுகிறது. தேசிய விளம்பரதாரர் எண்ணிப் பார்ப்பது நேயர்களின் தலைகளைத்தான். நியூயார்க், சிகாகோ நிலையங்கள் கையில் இருந்தால் விளம்பரம் விற்கும். பத்தாயிரம் பேர் வசிக்கும் ஊரின் நிலையம் அந்தக் கணக்கில் தூசு. பேரம் பேசும்போது அந்தத் தூசுக்கு என்ன பலம் இருக்கும்?

தன்னைக் 'கிழவன்' என்று சொல்லிக்கொண்ட இளைஞர்

இந்தக் கட்டணச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. இதில் மிகப் பெரிய அடி விழுந்தது 1950-களின் தொடக்கத்தில்.

அமெரிக்காவின் உயிர் விளையாட்டு அப்போது பேஸ்பால். ஆனால், மேஜர் லீக்கின் 16 அணிகளும் வெறும் 10 நகரங்களில் அடங்கியிருந்தன. செயின்ட் லூயிஸ் நகருக்கு மேற்கே ஓர் அணிகூட இல்லை. டெக்சாஸ்காரர் ஒரு பெரிய ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றால் நாள்கணக்கில் பயணம் செய்ய வேண்டும்.

டல்லாஸில் கே.எல்.ஐ.எஃப் என்ற நிலையத்தை 1947-ல் தொடங்கிய கார்டன் மெக்லெண்டன் இந்தப் பசியைப் புரிந்துகொண்டார். மைதானத்துக்குப் போகாமலே ஆட்டத்தை 'ஒலிபரப்பினார்'. எப்படி? ஆட்டத்தின் விவரம் தந்தியில் வரும். 'முதல் பந்து, ஸ்டிரைக்' என்று ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, கண்ணெதிரே நடப்பதுபோல வர்ணிப்பார். பின்னால் ரெக்கார்டில் கூட்டத்தின் கூச்சல் ஓடும். மட்டையில் பந்து படும் சத்தமும் ஸ்டூடியோ தயாரிப்புதான். மைதான ஒலிபெருக்கியின் எதிரொலிக்காக உதவியாளரைக் கழிவறையில் நின்று பேச வைத்தார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு.

இதை அவர் மட்டும் செய்யவில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரீகன், 1930-களில் அயோவாவின் டபிள்யூ.ஹெச்.ஓ ரேடியோவில் இதே வேலையைத்தான் பார்த்தார். ஒருமுறை நடுவில் தந்தி அறுந்துவிட, பேட்ஸ்மேன் பந்தைத் திரும்பத் திரும்ப வெளியே தட்டிவிடுவதாகப் பல நிமிடங்கள் கதைவிட்டுச் சமாளித்ததை அவரே பிறகு ஆசையாகச் சொல்லிவந்தார்.

மெக்லெண்டன் இருபதுகளில் இருந்த இளைஞர். ரேடியோவிலோ தன்னை 83 வயது 'ஓல்டு ஸ்காட்ச்மேன்' என்று சொல்லிக்கொண்டார். நேயர்களும் ரசித்தார்கள். அவருடைய லிபர்ட்டி நெட்வொர்க் மளமளவென வளர்ந்தது. உச்சத்தில் 400-க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதில் இணைந்திருந்தன. அவற்றில் பல சிறிய ஊர் நிலையங்கள். நேரடி ஒலிபரப்பும் செய்தார்கள். 1951 அக்டோபர் 3-ம் தேதி நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் பாபி தாம்ஸன் அடித்த, பேஸ்பால் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற ஹோம் ரன்னை, மெக்லெண்டன் அங்கேயே இருந்து வர்ணித்தார்.

லீக் முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு 1,000 டாலராக இருந்த உரிமைக் கட்டணம் 2,50,000 டாலராக உயர்ந்தது. 250 மடங்கு! அதோடு வடகிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களில் ஒலிபரப்பக் கூடாது என்ற தடையும் வந்தது. ஆட்கள் அதிகம் வாழும், விளம்பரம் நன்றாக விற்கும் பகுதிகள் அவை. 1952 மே மாதம் லிபர்ட்டி மூடப்பட்டது. அதை நம்பி நாள் முழுக்க நிகழ்ச்சி ஓட்டிய நிலையங்கள் வேறு வழி தேடி அலைந்தன.

லீக் தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது. 1949-ல் அமெரிக்காவில் 59 மைனர் லீக்குகள் இயங்கின. ஊர் ஊராக இருந்த அந்தச் சின்ன அணிகளின் கேலரிகள் அடுத்த சில வருடங்களில் வெறிச்சோடின. 'வீட்டில் உட்கார்ந்து பெரிய அணி ஆட்டத்தைக் கேட்க முடிந்தால், எங்கள் ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்?' என்று அவர்கள் கேட்டார்கள். ரேடியோ மட்டும்தான் காரணமா என்பது வேறு கேள்வி. அதே சமயத்தில் வீடுகளுக்குள் டி.வி-யும் நுழைந்துகொண்டிருந்தது.

மெக்லெண்டன் சும்மா இருக்கவில்லை. 13 அணிகள் மீது 1.2 கோடி டாலர் கேட்டு வழக்கு போட்டார். கடைசியில் 2 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. மனிதர் பேஸ்பாலை விட்டுவிட்டு, கே.எல்.ஐ.எஃப்-இல் ஹிட் பாடல்களைத் திரும்பத் திரும்பப் போடும் 'டாப் 40' பாணிக்கு மாறினார். அதிலும் கொடிகட்டிப் பறந்தார். சின்ன நிலையங்களுக்கு அந்த வசதி இல்லை.

பெரிய ஊரிலும் இதே நெருக்கடி

இப்போது பெரிய மீன்களே தடுமாறுகின்றன. 2012-ல் வந்த என்.பி.சி ஸ்போர்ட்ஸ் ரேடியோ 2020-ல் அடங்கிவிட்டது. 2013-ல் தொடங்கிய சி.பி.எஸ் ஸ்போர்ட்ஸ் ரேடியோ, 2024-ல் இன்ஃபினிட்டி ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க் என்று பெயர் மாறியது. நாட்டின் மிகப் பெரிய ரேடியோ குழுமங்களான க்யூமுலஸ் 2017-லும், ஐஹார்ட் 2018-லும், ஆடஸி 2024-லும் கடன் தாங்காமல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படி ஏறின. நியூயார்க்கில் வாடகை கொடுத்து 98.7 எஃப்.எம்-மில் ஓடிக்கொண்டிருந்த இ.எஸ்.பி.என் நிலையம், 2024 ஆகஸ்ட்டில் ஏ.எம் 880-க்கு இடம்பெயர்ந்தது. அந்த 880-ல் 1967 முதல் ஓடிய செய்தி ரேடியோ அதோடு முடிந்துபோனது.

அணிகளே ரேடியோவை ஒதுக்கிப் பார்த்ததும் உண்டு. ஓக்லாண்ட் ஏஸ் பேஸ்பால் அணி, 2020-ல் தன் சொந்தப் பகுதியில் ரேடியோவே வேண்டாம், இணையத்தில் கேளுங்கள் என்று அறிவித்தது. சில மாதங்களிலேயே மனம் மாறி ஏ.எம் 960-க்குத் திரும்பியது. எல்லையைத் தாண்டி கனடாவில், 2021-ல் டொரன்டோ ப்ளூ ஜேஸ் ஆட்டங்களுக்குத் தனி ரேடியோ வர்ணனையை நிறுத்தி, டி.வி வர்ணனையையே ரேடியோவில் ஓடவிட்டார்கள். படம் பார்ப்பவருக்காகப் பேசுவதைப் படம் இல்லாமல் கேட்டால் எப்படியிருக்கும்? 'அதோ பாருங்கள்' என்பார், எதைப் பார்ப்பது?

சிற்றூர் நிலையத்துக்கு இதோடு இன்னொரு கவலை. புது மின்சாரக் கார்கள் சிலவற்றில் ஏ.எம் ரேடியோவே வைப்பதில்லை. எல்லா வாகனங்களிலும் ஏ.எம் கட்டாயம் வேண்டும் என்ற மசோதா 2023-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. கார்தான் ரேடியோவின் கடைசி வீடு என்பதால் சிறிய நிலைய முதலாளிகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகள்

கட்டணம் மட்டும் பிரச்னை இல்லை. 'இந்த நிகழ்ச்சியை இந்த நேரத்தில் கட்டாயம் ஓட்ட வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கும். உள்ளூர் ஆட்டத்துக்காக நெட்வொர்க் நிகழ்ச்சியை நிறுத்தினாலும், அதில் வர வேண்டிய விளம்பரங்களை வேறு நேரத்திலாவது ஓட்டி, ஓட்டியதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள நிலையத்தில் இந்தக் கணக்கு எழுதுவதற்கே ஒருவர் வேண்டும்.

அப்படியானால் நெட்வொர்க்கே வேண்டாம் என்று உதற முடியாதா? சிலர் உதறுகிறார்கள். விலை குறைந்த வேறு நெட்வொர்க்குக்கு மாறுவோர் உண்டு. காலையில் உள்ளூர் பேச்சு, இரவில் மட்டும் நெட்வொர்க் என்று பிரித்துக்கொள்வோர் உண்டு. ரிட்டயர்டு கோச் ஒருவரை மைக் முன் உட்கார வைத்து, ஊர்க்காரர்களைப் போன் போடச் சொல்பவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், நள்ளிரவு 2 மணிக்கு கோச் வர மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளி இரவைக் காப்பாற்றச் சட்டமே இருக்கிறது. 1961-ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டப்படி, செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை, ஹைஸ்கூல் ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைல் சுற்றளவில் உள்ள டி.வி நிலையங்கள் வெள்ளி இரவில் தொழில்முறை ஃபுட்பால் போட்டியைக் காட்டினால், அதற்கு லீக்குக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பள்ளிக்கூடக் கேலரி காலியாகிவிடக் கூடாதாம். ஆட்டத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. அதை வர்ணிக்கும் ரேடியோவுக்கு அப்படி எதுவும் இல்லை.

எனவே கணக்கு எழுதும்போது நிலைய முதலாளியின் முன் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்றில் நெட்வொர்க்கின் புதிய கட்டணம். இன்னொன்றில் வெள்ளி இரவுக்கு ஆகும் செலவு. வெளியூர் ஆட்டம் என்றால் வேனுக்கு எரிபொருள், இரண்டு வர்ணனையாளர்களுக்குச் சம்பளம், மைதானத்திலிருந்து ஒலியை அனுப்பும் கருவி. முதல் தாளில் உள்ளதைக் குறைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. இரண்டாவது தாளில் இருப்பது முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது. பாட்டி ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கிறார்.