சார்ஜர் தொலைந்த டிரில் பேட்டரி: சார்ஜ் போடும் முன் ஒரு நிமிடம்

தச்சர், பிளம்பர், ஏசி மெக்கானிக் என யாருடைய பையைத் திறந்தாலும் இன்று பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மெஷின் ஒன்று இருக்கும். வேலை நடக்கும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அதன் சார்ஜர் தொலைவதும் சகஜம். உடனே கைக்குக் கிடைத்த அடாப்டரின் பின்னை வெட்டி, சிவப்பையும் கறுப்பையும் பேட்டரி முனையில் வைத்துப் பார்க்கத் தோன்றும். சில சமயம் சார்ஜும் ஏறிவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சார்ஜரின் பெரிய வேலை மின்சாரம் கொடுப்பதல்ல, சரியான நேரத்தில் அதை நிறுத்துவது.

சார்ஜர் என்ன செய்கிறது?

18 வோல்ட் லித்தியம் பேட்டரிக்குள் 5 செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். முழுதாக ஏறிய செல் 4.2 வோல்ட், ஐந்தும் சேர்ந்து 21 வோல்ட். இதே பேட்டரியைத்தான் சில நிறுவனங்கள் 20 வோல்ட் என்றும் 21 வோல்ட் என்றும் அச்சிட்டு விற்கின்றன. அதற்குரிய சார்ஜர் முதலில் ஒரே அளவு கரண்டைக் கொடுக்கும். 21 வோல்ட்டைத் தொட்டதும் அதற்கு மேல் ஏறவிடாமல் பிடித்துக்கொண்டு, கரண்ட் தானாகக் குறைந்ததும் நிறுத்திவிடும்.

பல பேட்டரிகளில் பாசிட்டிவ், நெகட்டிவ் தவிர இன்னும் சில முனைகள் இருக்கும். பேட்டரியின் சூட்டையும், சில வகைகளில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் சார்ஜர் அவற்றின் வழியே தெரிந்துகொள்கிறது. இரண்டு வயரை மட்டும் நேரடியாகக் கொடுத்தால் இந்தக் கண்காணிப்பு போய்விடுகிறது. நான்கு செல்கள் 4.1 வோல்ட்டிலும் ஒன்று 4.6 வோல்ட்டிலும் இருந்தாலும் மீட்டர் 21 என்றே காட்டும். தீப்பிடிக்க அந்த ஒரு செல் போதும்.

உடலுக்கு வரும் கேடு

அளவு மீறி ஏற்றப்பட்ட செல் சூடாகும். அந்தச் சூடு உள்ளே நடக்கும் ரசாயன மாற்றத்தை இன்னும் வேகப்படுத்தும். அது மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. செல் வெடித்துத் தீப்பொறி பறக்கும். பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும்.

தீயைப் போலவே புகையும் ஆபத்தானது. அதில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் இருக்கும். பின்னது கண், தொண்டை, நுரையீரலை அரிக்கும். அதிகம் உடலுக்குள் போனால் ரத்தத்திலுள்ள கால்சியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியில் கசியும் காரம் தோலைப் புண்ணாக்கும். காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

- லேப்டாப் அடாப்டரை நேரடியாக இணைப்பது. அதன் 19.5 வோல்ட்டை மூன்று செல் உள்ள 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால் ஒரு செல்லுக்கு 6.5 வோல்ட் போகும்.
- நிக்கல் காட்மியம் சார்ஜரில் லித்தியம் பேட்டரியைப் போடுவது. நிக்கல் பேட்டரி நிறைந்ததும் வோல்ட்டேஜ் லேசாக இறங்குவதைப் பார்த்து நிறுத்தும் சார்ஜர்கள் உண்டு. லித்தியத்தில் அந்த இறக்கம் வராது; சார்ஜர் நிறுத்தாது.
- கார் பேட்டரி சார்ஜரைப் பயன்படுத்துவது.
- மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரிக்கு இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் போட்டு உயிர் கொடுப்பது. மிகவும் இறங்கிப்போன செல்லுக்குள் செம்பு கரைந்திருக்கும். மறுபடி ஏற்றும்போது அது படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

அப்படியானால் என்ன வழி?

முதலில் லேபிளைப் படியுங்கள். லித்தியமா நிக்கலா, எத்தனை வோல்ட் என்பது அதில் இருக்கும். பிராண்ட் இல்லாத மெஷின்களில் ‘48 விஎஃப்’, ‘88 விஎஃப்’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது வோல்ட் கணக்கே அல்ல. உள்ளே பெரும்பாலும் அதே 5 செல்தான். அதை நம்பி 48 வோல்ட் சார்ஜர் வாங்கினால் விபரீதம்.

பிராண்ட் பேட்டரி என்றால் அதே நிறுவனத்தின் அதே வரிசைக்கான சார்ஜரை வாங்குங்கள். அவசரத்துக்கு, அதே மெஷின் வைத்திருப்பவரிடம் இரவல் கேட்கலாம். பின் சொருகும் வகை என்றால், லித்தியம் பேட்டரிக்கென்றே செய்த சார்ஜர் வேண்டும். 5 செல்லுக்கு 21 வோல்ட், 3 செல்லுக்கு 12.6 வோல்ட் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 2 ஏஎச் பேட்டரிக்கு 1 ஆம்பியர் போதும். பின் பொருந்துவதை மட்டும் நம்பாமல் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறவில்லை என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

வோல்ட்டையும் கரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் மேசை பவர் சப்ளையில் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் ஏற்றுவதுண்டு. ஒவ்வொரு செல்லையும் அளந்து பார்க்கத் தெரியாதவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

இடமும் சூடும்

லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள்தான் சார்ஜ் போட வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். வேலை முடிந்து கழற்றிய பேட்டரி கையில் சுட்டால், ஆறிய பிறகு போடுங்கள். மெத்தை, மரத்தூள், தின்னர் டப்பா பக்கத்தில் வேண்டாம். வெறும் சிமென்ட் தரை நல்லது. வெளியேறும் வாசலை அடைத்தும் வைக்காதீர்கள். தூங்கும்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது.

அசம்பாவிதம் நடந்தால்

தின்னர் போன்ற வாடை, சீறும் சத்தம், உருகும் மூடி தெரிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றுங்கள். சூடான பேட்டரியைக் கையில் தூக்காதீர்கள். மின்சாரம் அணைந்திருந்து, தீயும் சிறியதாக இருந்தால், புகைக்கு எதிர்ப்பக்கம் நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். தண்ணீர்தான் செல்களைக் குளிர்விக்கும். அணைந்த பேட்டரி மறுபடி பற்றக்கூடும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

தீக்காயத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், பேனா மை, தோசைமாவு எதுவும் தடவக் கூடாது. புகையைச் சுவாசித்தவருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். மருத்துவரிடம் ‘லித்தியம் பேட்டரி புகை’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது உதவும்.

கெட்ட பேட்டரியை என்ன செய்வது?

குப்பையில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள். சரியான சார்ஜர் கிடைக்காத பேட்டரிக்கும் இதே வழிதான்.