தள்ளுபடிக்குப் பிறகு எதைக் கொண்டு கட்டுவது?

மன்னார்குடிப் பக்கத்து விவசாயிக்குக் கடன் தள்ளுபடியின் கணக்கு அத்துபடி. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் அடுத்த சாகுபடிக்குச் சிட்டா, அடங்கலோடு அதே சங்கத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. கொள்முதல் விலை செலவுக்குக் கட்டாதவரை அது தொடரும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் சிக்கலும் ஏறக்குறைய இதுதான். 2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்தபின் அங்கே நெடுஞ்சாலையும் துறைமுகமும் விமான நிலையமும் கடனில் எழுந்தன. கடனை அடைக்க டாலர் ஈட்டும் தொழில் எழவில்லை. 2000-இல் உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்த ஏற்றுமதி, 2010-இல் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2019 கடைசியில் வரியையும் குறைத்தார்கள். கொரோனாவில் சுற்றுலாவும் படுத்தது. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கொழும்பு கைவிரித்தது. தமிழ்நாடு 40,000 டன் அரிசி அனுப்ப முன்வந்தது அப்போதுதான்.

எல்லாம் சீனா விரித்த வலை என்பது நம்மூர் டீக்கடைவரை வந்துவிட்ட பேச்சு. ஆனால் வெளிக்கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டியதுதான். அதைவிடப் பெரிய பாரம், 2007 முதல் பன்னாட்டுச் சந்தையில் விற்ற பத்திரங்கள். அந்தப் பத்திரக்காரர்கள் 2024 டிசம்பரில் அசலில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் அந்தச் சலுகையும் குறையும். உள்நாட்டில் பாரத்தைச் சுமந்தவர்கள் சாதாரண உழைப்பாளிகள்: ஊழியர் சேமலாப நிதியின் பத்திர வட்டி 2026 முதல் 9 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வாட் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்தது. கடனைத் தள்ளினால் வாங்கியவருக்குப் பொறுப்பு வராது என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் முதல் பத்திரத்துக்கே 8.25 சதவீத வட்டி வாங்கியவர்கள், ஆபத்துக்கும் சேர்த்துத்தானே விலை வைத்தார்கள்?

போரில் நொறுங்கிய நாட்டின் கடனைத் தீர்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. 1953-இல் லண்டனில் செய்த ஒப்பந்தத்தில், மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறக்குறைய பாதியைக் கடன் கொடுத்தவர்கள் தள்ளினார்கள். மீதியை வணிக உபரியிலிருந்து கட்டினால் போதும் என்றார்கள். தங்கள் கடன் திரும்ப வர, ஜெர்மானியச் சரக்கை அவர்களே வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இலங்கை என்பதைக் கொழும்பிலேயே எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்? இன்று அதே இலங்கைக்குக் கிடைத்திருப்பதில் பெரும்பகுதி தவணை நீட்டிப்பு. பத்திர அசல் 2028-க்குப் பிறகு கனமாக வந்து நிற்கும். அதற்குள் போர் நொறுக்கிய வடக்கிலும் உற்பத்தி தலையெடுக்க வேண்டும். ஆனால் 1990-இல் போரால் மூடிய காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை, போர் ஓய்ந்து பத்தாண்டு கழிந்தும் ஓடவில்லை.